சிங்கப்பூர்ப் பெட்டிக்கு வரி

ஜூன் 2, திங்கள்

இது இரண்டாவது நோட்டு. முதல் நோட்டை வக்கீலம்மா ஷீலாதேவி கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், பின்னால் உதவும் என்று பழக்கிவிட்டவரும் அவர்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், லேடீஸ் ஹாஸ்டலில் எண்பது பிள்ளைகளுக்குக் கிண்டிய உப்புமா அடிபிடித்த கதையெல்லாம் அதில் எழுதி வைத்துவிட்டேன். நீதிபதி அதையும் படித்திருப்பாரே என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இந்த நோட்டில் அளவாக எழுத வேண்டும்.

நடந்தது இதுதான். என் மகள் கோகிலாவின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ராஜவீதி நகைக்கடைக்காரர்கள் தங்கத்தை உருக்குவதற்கு முன்னால், மோதிரமும் ஆரமும் செய்து முடித்தால் எப்படி இருக்கும் என்று திரையில் சுற்றிச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். அதுதான் இவள் தொழில். அப்படிச் சுற்றுவதற்கு உள்ளே ஒரு பாகம் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு என்கிறாள். கார்டு என்றதும் ரேஷன் கார்டு அளவுக்கு நினைத்தேன். கழற்றி எடுத்தால் செங்கல் கனம், அதற்கு மூன்று ஃபேன் வேறு. நம் வீட்டுக்கே ஒரு ஃபேன்தான், இந்த மகராசனுக்கு மூன்றா என்று கேட்டுப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

பதினோரு நாளாக, மவுஸை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, அணைந்த திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள். படு என்றால் படுக்கிறாள். செல்வபுரத்தில் இந்த மாடிக்கு நவம்பரில் குடிவந்தோம். அன்றிலிருந்து அவள் படி இறங்கியதில்லை. வருகிற வேலை, வருகிற காசு, பேசுகிற மனிதர்கள் எல்லாம் அந்தத் திரை வழியாகத்தான்.

கோயமுத்தூரில் அந்தக் கார்டு கையிருப்பு இல்லை, இருக்கிற ஒரு கடையில் யானை விலை. இவளோடு காலேஜில் படித்த ஜெசிமா சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கே வாங்கி, கூரியரில் போட்டுவிட்டாள். ஆதாரில் இருக்கிறபடி பெயரைக் கேட்டாளாம். இவள் கொடுத்திருக்கிறாள்: கோகிலா தினகரன்.

அந்தப் பெயரை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. மை தீர்ந்திருக்கும்.

ஜூன் 5, வியாழன்

பெட்டி சென்னை விமான நிலையம் வந்துவிட்டது. கூரியர் கம்பெனியிலிருந்து ஒரு பிள்ளை என் போனுக்குப் பேசினாள். கோகிலா தெரியாத நம்பரை எடுக்க மாட்டாள் என்பதால் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். இறக்குமதி வரி இருபத்தையாயிரத்து இருநூறு கட்ட வேண்டுமாம். அதற்கு முன் யார் பேருக்கு வந்ததோ அவருடைய அடையாள அட்டையைப் பதிவு செய்ய வேண்டுமாம். சாமான் விலையில் பாதிக்குக் கொஞ்சம் கம்மி வரியா, இதுக்கு அந்தக் கார்டையே ஃபிளைட்டில் டிக்கெட் போட்டு உட்கார வைத்துக் கூட்டி வந்திருக்கலாமே கண்ணு என்றேன். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டாள். யாராவது சிரித்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

வரிக்குப் பணம் இருக்கிறது. ஹாஸ்டல்காரம்மாவிடம் சம்பளத்தில் பிடித்து வைக்கச் சொல்லியிருந்தேன்.

வக்கீலம்மாவுக்காக எழுதுகிறேன்: மார்ச்சில் கோர்ட் உத்தரவு வந்தபிறகு கோகிலாவின் வீட்டுக்காரன் தினகரனிடமிருந்து எந்தத் தொந்தரவும் இல்லை. நேரிலோ, போனிலோ, அடுத்தவர் மூலமோ எங்களை அணுகக் கூடாது என்பது உத்தரவு. எங்கள் விலாசம் அவனுக்குத் தெரியாது. கோர்ட் காகிதத்தில் வக்கீலம்மா தன் ஆபீஸ் விலாசத்தைத்தான் போட்டிருக்கிறார்.

ஜூன் 6, வெள்ளி

அன்வர் பாய் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கோகிலாவின் ஆதார் கார்டைக் கொடுத்தேன். முடியவில்லை. பிறகு ஓட்டர் ஐடியை வைத்து முடித்துக் கொடுத்தார்.

வரும்போது கீரை வாங்கினேன். கீரை நன்றாக இல்லை.

ஜூன் 7, சனி

படிக்கட்டு கேட்டுக்கு இன்னொரு பூட்டு வாங்கினேன். பெரியது. கீழ் வீட்டில் மோதிரப் பட்டறை வைத்திருக்கும் குப்புராஜ் ஆசாரி, "என்ன அம்மிணி, மேல புதையலா வெச்சிருக்கறீங்க" என்று கேட்டார். உங்க பட்டறையில சிந்துற தங்கப் பொடி காத்துல பறந்து மேல வந்துருதுங்கண்ணா, அதுக்குத்தான் என்றேன். பட்டறையில் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஜூன் 9, திங்கள்

இரண்டு நாளாக இந்த நோட்டில் பொய் எழுதவில்லை. ஆனால் எழுத வேண்டியதை எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை அன்வர் பாய் கோகிலாவின் ஆதார் நம்பரைப் போட்டு ஓடிபி அனுப்பும் பட்டனைத் தட்டினார். என் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. "நெட்டு ஸ்லோவா இருக்கும்மா" என்று இன்னொரு தரம் தட்டினார். வரவில்லை. பிறகு திரையைப் படித்து, நாற்பத்தேழில் முடிகிற நம்பருக்குப் போயிருக்கிறதே, அது யாருடையது என்று கேட்டார்.

கல்யாணம் ஆன மாதம், மாப்பிள்ளை வீட்டார் கோகிலாவை ஆதார் மையத்துக்குக் கூட்டிப் போய், என் வீட்டுக்காரர் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரைச் சேர்த்தார்கள். கரூர் விலாசம் போட்டார்கள். அவளுக்கு எதுக்கு வேலை, பாங்க் மெசேஜ் எல்லாம் எனக்கே வரட்டும் என்று அவன் போன் நம்பரையும் போட்டான். எவ்வளவு பொறுப்பான மாப்பிள்ளை என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தது நான்தான். நம்பரை மாற்றிவிடுங்கள் என்று வக்கீலம்மா இரண்டு தரம் சொன்னார். அதற்குக் கோகிலா நேரில் வந்து விரல் வைக்க வேண்டும். அவள் படி இறங்க மாட்டேன் என்றாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆக, கோகிலாவுக்கு இந்தக் கூரியர் கம்பெனியில் ஏதோ வந்திருக்கிறது என்று அவன் போனுக்கு இரண்டு மெசேஜ் போயிருக்கிறது. நானே தந்தி அடித்த மாதிரி.

கோகிலாவிடம் சொல்லவில்லை. வக்கீலம்மாவிடமும் சொல்லவில்லை. சும்மா மெசேஜ்தானே, பார்த்திருக்கவே மாட்டான்.

ஜூன் 10, செவ்வாய்

பார்த்திருக்கிறான்.

காலை பத்தே கால். ஹாஸ்டலில் மத்தியானத்துக்குப் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். புது நம்பர். எடுத்தேன்.

"அத்தைங்களா? நல்லா இருக்கறீங்களா?"

குரலில் அவ்வளவு மரியாதை. பெண் பார்க்க வந்த அன்று இருந்த அதே குரல்.

"கோகி பேருக்கு என்னமோ சாமான் வந்திருக்குதாட்ட இருக்குது. எனக்கு ஓடிபி வந்துச்சுங்க. வேணும்னா சொல்லுங்க, நம்பரைப் படிக்கறேன்."

நான் போனை வைத்துவிட்டேன். பிறகு பூசணிக்காயை எவ்வளவு பொடியாக அரிந்தேன் என்றால், ஹாஸ்டல்காரம்மா வந்து பார்த்து, கூட்டா பண்ணுறே, துவையலா என்று கேட்டாள்.

இந்த நம்பரை நாங்கள் மாற்றி ஏழு மாதம் ஆகிறது. அவனுக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 11, புதன்

கோகிலா கேட்டாள், ஏம்மா தூங்கவே மாட்டேங்கறே என்று. உன் குறட்டைதான் சாமி காரணம் என்றேன். அவளுக்குக் குறட்டையே கிடையாது. மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் தூங்குவாள். கரூரில் பழகியது.

ஜூன் 12, வியாழன்

பணத்தை எடுத்துக்கொண்டு அன்வர் பாய் கடைக்குப் போனேன். கையில் இருபத்தையாயிரத்து இருநூறு, முந்தானையில் முடிந்து, அதன்மேல் இன்னொரு முடிச்சு. வரி கட்டுகிற பக்கத்தைத் திறந்தார். தாடிக்கு எப்போது சாயம் போட்டீர்கள் பாய், இந்த வாரம் மாப்பிள்ளை களை வந்திருக்கிறதே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"அம்மா, இது நேத்தே கட்டியாச்சே."

அந்தக் கம்பெனியில் தப்பாகக் காட்டுகிறது, மறுபடி பாருங்கள் என்றேன். மறுபடி பார்த்தார். ரசீதை அச்சடித்துக் கொடுத்தார். எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். கூட்டினேன். கட்டியவர் பெயர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தெளிவாக இருந்தது. தினகரன். தொகை, தேதி, நேரம், போன் நம்பர் எல்லாம் இருந்தது. அதற்குக் கீழே, பெட்டி எங்கே போய்ச் சேர வேண்டுமோ அந்த விலாசம். கதவு நம்பர், மாடி, தெரு, செல்வபுரம். ஆசாரி பட்டறைக்கு மேல் என்று ஜெசிமா அடையாளம்கூடப் போட்டிருக்கிறாள், நல்ல பிள்ளை.

முந்தானை முடிச்சை அவிழ்க்காமலே வீட்டுக்கு வந்தேன். மூன்று தெரு சுற்றி வந்தேன். பின்னால் யாரும் வரவில்லை. ஒரு நாய் மட்டும் வந்தது.

ஜூன் 13, வெள்ளி

கூரியர் கம்பெனிக்குப் பேசினேன். அன்றைக்குச் சிரித்த பிள்ளையே எடுத்தாள். என் நம்பரை யாருக்கம்மா கொடுத்தாய் என்று கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"உங்க வீட்டு சார் பேசினாங்க மேடம். ஆதார் நம்பர் கரெக்டா சொன்னாங்க. ஹஸ்பெண்டுன்னாங்க."

புருஷன் என்றால் கொடுத்துவிடுவார்கள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் கொடுத்திருப்பேன். அவர் வரி கட்டுகிறேன் என்றதும், தங்கமான மனுஷன் என்று வேறு நினைத்திருப்பேன். விலாசத்தை மாற்ற முடியுமா என்றேன். பெட்டி கிளம்பிவிட்டதாம். திங்கட்கிழமை வந்து சேரும். கட்டியவர் போனுக்கும் மெசேஜ் போயிருக்கிறதாம்.

ஜூன் 14, சனி

ஹாஸ்டலுக்கு லீவு சொன்னேன். வயிற்றுப் போக்கு என்றேன். இங்கே சேர்ந்த ஏழு மாதத்தில் முதல் லீவு. கோகிலா ஏன் என்று கேட்கவில்லை. கட்டிலை நகர்த்திக் கதவுக்கு முன்னால் போட்டுவிட்டு, இங்கே காற்று நன்றாக வருகிறது என்றேன்.

கதவுப் பக்கம் காற்றே வராது.

ஜூன் 15, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கோகிலாவிடம் சொல்லிவிட்டேன். ஆரம்பத்தில் விளையாட்டாகச் சொல்லப் பார்த்தேன். உன் வீட்டுக்காரன் நமக்கு வரி கட்டியிருக்கிறான், பார் எவ்வளவு தாராளம் என்று. பாதியில் நிறுத்திவிட்டேன். ரசீதை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

படித்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கையைப் பார்த்தேன். வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கவும் மடங்காது, நிமிரவும் நிமிராது. ஒரு நாள் ராத்திரி வரை உட்கார்ந்து வேலை பார்த்தாள் என்று, அந்தக் கையைப் பீரோக் கதவில் வைத்து அவன் சாத்தினான். ஒரு தரம் இல்லை. இதை முதல் நோட்டில் எழுதவில்லை. வக்கீலம்மாதான் டாக்டர் சீட்டை வைத்து எழுதிக்கொண்டார். எனக்கு அதை எழுத எழுத்து வரவில்லை. இப்போது வந்திருக்கிறது.

அவள் அழுவாள், கத்துவாள், நீதாம்மா காட்டிக் கொடுத்தாய் என்பாள் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பையை எடுத்தாள். துணிகளை அடுக்கினாள். நவம்பரில் கரூரிலிருந்து கிளம்பியபோது அடுக்கிய அதே வேகம். நானும் என் சேலைகளை எடுத்தேன். பிறகு அவள் பாதியில் நின்றாள்.

"எங்கம்மா போறது?"

கையில் இருந்த சேலையை மறுபடி மடித்தேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, தன் போனிலிருந்து வக்கீலம்மாவுக்குத் தானே பேசினாள். ஏழு மாதத்தில் அவளாக யாருக்கும் போன் போட்டு நான் பார்த்ததில்லை. வக்கீலம்மா என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மகளிர் ஸ்டேஷனுக்குச் சொல்லி வைக்கிறேன், இன்ஸ்பெக்டர் நம்பர் இதுதான், அவன் வந்தால் உடனே கூப்பிடுங்கள், ஆனால் ஜீப் வரும்வரை அவன் அங்கேயே இருந்தால்தான் பிடிக்க முடியும், ஓடிவிட்டால் மறுபடி சாட்சி தேடி அலைய வேண்டும் என்றார்.

அவனை அங்கேயே இருக்க வைக்க வேண்டுமாம். எப்படி என்று சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள்

இன்றைக்கு நடந்ததை முழுதாக எழுத வேண்டும். ஸ்டேஷனிலிருந்து திரும்பி, முகம் கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பதினொன்றரைக்குக் கூரியர்க்காரர் போன் செய்தார். பெட்டி வந்துவிட்டதா, இறங்கி வருகிறேன் என்றேன்.

"குடுத்துட்டனுங்க. கீழ சார் நின்னாருங்க, வாங்கிக்கிட்டாரு."

கேட் ஆடும் சத்தம் கேட்டது. கோகிலா எழுந்து நின்றாள். உள்ளே போ, கதவைச் சாத்து, ஸ்டேஷனுக்குப் பேசு என்று சொல்லிவிட்டுப் படியின் தலைப்பில் வந்து நின்றேன். இரும்புப் படி, பதினான்கு. கீழே கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, இரண்டு கையிலும் பெட்டி. கொஞ்சம் இளைத்திருந்தான்.

"அத்தை, கேட்டைத் தொறங்க. கனமா இருக்குது."

அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

"காசு கட்டுனவன் நானுங்க. அவ கையில குடுத்தாத்தான் குடுத்த மாதிரி இருக்கும்."

கேட்டை ஒரு காலால் தள்ளிப் பார்த்தான். இரண்டு பூட்டும் குலுங்கின. மூன்றாவது தள்ளலுக்குக் கீல் தாங்காது என்று தெரிந்தது. கத்தினால் ஓடிவிடுவான்; இன்றைக்கு ஓடினால் நாளைக்கு வருவான், விலாசம்தான் கையில் இருக்கிறதே. நான் ஹாஸ்டலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வருவான்.

அப்போதுதான் என் வாய் தானாகத் திறந்தது. பட்டறைக்குக் கேட்கிற மாதிரி, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"ஆசாரியண்ணா, என்ற மாப்பிள்ளை கரூர்ல இருந்து வந்திருக்கறாருங்க. வெயில்ல நிக்கறாரு பாருங்க. ஒரு சேர் போடுங்கண்ணா."

பட்டறையில் ஊதுகுழல் சத்தம் நின்றது. குப்புராஜ் ஆசாரி வெளியே வந்தார். என் மகள் ஏன் படி இறங்குவதில்லை என்று ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் ஏழு மாதமாகக் கீழே இருப்பவர். மேலே என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கேட்டில் இருந்த அவன் செருப்புத் தடத்தைப் பார்த்தார்.

"அடடே, மாப்பிள்ளைங்களா. சொல்லவே இல்லியே அம்மிணி. வாங்க வாங்க, நெழல்ல உக்காருங்க."

நாற்காலி வந்தது. பட்டறைப் பையன்கள் இல்லை, எல்லாம் நாற்பது ஐம்பது வயசு ஆட்கள், பன்னிரண்டு பேரும் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்கள். ஒருவர் மேசை ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைத்தார். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். கல்யாணம் ஆன வருஷம் தலை தீபாவளிக்கு வந்தபோது, சோபாவுக்குப் பதில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம் என்று எழுந்து போன ஆள் அவன். இன்றைக்குப் பன்னிரண்டு பேர் கும்பிட்டதும் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் பணிந்துவிட்டேன், வழிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறான்.

"காப்பி கொண்டாறேன் இருங்க மாப்ளே" என்றேன்.

உள்ளே கோகிலா போனில் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபது நிமிஷம் ஆகும் என்கிறார்கள் என்று சைகை காட்டினாள். பால் வைத்தேன். தீப்பெட்டியில் ஐந்து குச்சி வீணானது. காப்பியோடு கிளம்பியதும் அவள் என் கையைப் பிடித்தாள். போகாதே என்று வாயை அசைத்தாள். போகாவிட்டால் அவன் மேலே வருவான் சாமி என்றேன்.

பூட்டுகளைத் திறந்து, கீழே இறங்கி, வெளியே வந்து மறுபடி பூட்டி, சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். பத்து அடி தூரம். அவ்வளவு தூரம் நடந்ததே இல்லை. டம்ளரை நீட்டினேன். வாங்கும்போது தலையைக் கொஞ்சம் குனிந்து, சிரிப்பு மாறாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"இன்னொரு கை நல்லாத்தான இருக்குது அவளுக்கு?"

"சக்கரை பத்துங்களா மாப்ளே" என்றேன். அதைச் சொன்னது நான்தான். எப்படிச் சொன்னேன் என்று கேட்டால் தெரியாது.

அதன்பிறகு நான் பேசினேன். மழை வந்ததா, மாமியாருக்கு மூட்டுவலி எப்படி, பஸ்ஸில் வந்தீர்களா காரிலா, இருந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும், கோழி எடுத்துவரச் சொல்கிறேன். ஆசாரியும் கூடவே பேசினார். கரூரில் பவுன் என்ன விலை, செய்கூலி எவ்வளவு. அவன் இரண்டு தரம் எழுந்தான். இரண்டு தரமும் யாராவது ஒருவர், மாப்பிள்ளை வந்துட்டுச் சாப்பிடாமப் போனா எங்களுக்குத்தான் கேவலமுங்க என்று உட்கார வைத்தார்கள். மூன்றாவது தரம் அவன் முகம் மாறியது. சுற்றிப் பார்த்தான். நாற்காலியைச் சுற்றி எந்தப் பக்கமும் வழி இல்லை. யாரும் அவனைத் தொடவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

ஜீப் வந்தபோது இருபத்தாறு நிமிஷம் ஆகியிருந்தது.

ஸ்டேஷனுக்குக் கோகிலாவும் வர வேண்டும் என்றார்கள். நான் வேண்டாம் என்பதற்குள் மேலே கதவு திறந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஆசாரி வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாரும் அப்படித்தான் நின்றார்கள்.

ஸ்டேஷனில் அவன் தெளிவாகத்தான் பேசினான். மரியாதை கொடுத்து, நாற்காலி போட்டு, காப்பி கொடுத்தார்கள், நாங்கள் சமாதானமாகத்தான் இருக்கிறோம், வேண்டுமானால் அத்தையைக் கேளுங்கள் என்றான். இன்ஸ்பெக்டரம்மா பெட்டியைக் கேட்டார். அவன் கொடுக்கவில்லை.

"இது என் சாமானுங்க மேடம். வரி நான் கட்டியிருக்கறேன். ரசீது இருக்குது பாருங்க."

அவனே சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்து, மேசை மேல் நீவி வைத்தான். இன்ஸ்பெக்டரம்மா அதை நிதானமாகப் படித்தார். பக்கத்திலேயே வக்கீலம்மா கொண்டுவந்திருந்த கோர்ட் உத்தரவு இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பதினொண்ணாம் தேதி கட்டியிருக்கீங்க. பொண்ணுக்கு சாமான் வந்த விஷயம் யார் சொன்னது?"

"கூரியர்ல கேட்டேனுங்க."

"ஏன் கேட்டீங்க?"

அவன் ரசீதை எடுக்கக் கை நீட்டினான். இன்ஸ்பெக்டரம்மா அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அணுகக் கூடாது என்ற உத்தரவை மீறி அவனாகத் தேடி வந்ததற்கு அவன் நீட்டிய ரசீதே சாட்சி; அவனை அதற்குப் பிறகு வெளியே விடவில்லை.

எங்களிடம் தனியாக வாக்குமூலம் எழுதினார்கள். ஒரு பெண் போலீஸ் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டாள், இந்த ஆளால் உயிருக்குப் பயம் உண்டா என்று. கோகிலா உடனே உண்டு என்றாள். அடுத்து நீங்கம்மா என்று என்னைப் பார்த்தாள். ஒரு வேடிக்கைப் பேச்சு நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறந்தேன். அந்த டம்ளர், அந்தக் கேள்வி, அந்தச் சிரிப்பு.

உண்டு என்றேன். ஆரம்பத்திலிருந்தே உண்டு, அப்படியே எழுதிக்கொள் கண்ணு என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டு பேரும் ஆதார் மையத்துக்குப் போனோம். இரண்டரை மணி நேரம் வரிசை. கோகிலா வலது கையை மிஷின் மேல் வைத்தாள். அந்த இரண்டு விரலும் தட்டையாகப் பதியவில்லை. அங்கிருந்த ஆள் மூன்று தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, எட்டு விரல் போதும் என்று எழுதிக்கொண்டான். போன் நம்பர் மாறிவிட்டது. அவள் நம்பர்.

ஜூன் 18, புதன்

பெட்டி நேற்றே ஸ்டேஷனிலிருந்து வந்துவிட்டது. கோகிலா பிரிக்கவில்லை. ஒரு நாள் முழுக்கச் சுவரோரம் இருந்தது.

"அவன் கட்டுன காசு அதுல ஒட்டிட்டிருக்குதும்மா" என்றாள்.

இன்று காலை, முந்தானையில் முடிந்து வைத்த இருபத்தையாயிரத்து இருநூறையும் வக்கீலம்மாவிடம் கொடுத்தோம். கோர்ட் மூலமாக அவன் பேருக்குக் கட்டிவிடுவதாகச் சொன்னார். தாளில் கோகிலா இடது கையால் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளின் ஜெராக்ஸை அன்வர் பாயிடம் எடுத்தோம். அவர் காசு வாங்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே நின்றார், பாவம். பட்டனைத் தட்டியது அவராக இருக்கலாம், கார்டைக் கொடுத்தது நான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகுதான் பெட்டியைப் பிரித்தாள். நான் டார்ச் அடித்தேன். திருகாணியை இடது கையால் திருகினாள். இரண்டு தரம் கீழே விழுந்தது, இரண்டு தரமும் நான் தேடி எடுத்தேன். மூன்று ஃபேனும் சுற்றின. திரையில் ஒரு மோதிரம் வந்தது. பாதியில் நின்றிருந்த வேலை. மெதுவாகச் சுற்றியது. கல் வைக்கும் இடம் இன்னும் காலியாக இருந்தது.

அவனுக்கு இன்னும் ஜாமீன் கொடுக்கவில்லை என்று வக்கீலம்மா சொன்னார். ஒரு நாள் கொடுப்பார்கள் என்பதையும் சொன்னார்.

இதை எழுதும்போது அவள் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள். கீழே கேட் ஒரு தரம் சத்தம் போட்டது. ஆசாரியின் ஆள் யாரோ. இதுவரை அந்தச் சத்தம் கேட்டால் நான் உடனே எதையாவது பேசிச் சிரிப்பேன், அவள் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று. இன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் மறுபடி மவுஸைப் பிடித்தாள்.